பண்டலுக்கு ஒருமுறை கழுத்தை நிமிர்த்துங்கள்

கேள்வி: எனக்கு 41 வயசுங்க. பல்லடம் பக்கம் ஊர். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில 14 வருசமா ஓவர்லாக் டெய்லரா இருக்கறேன். ரெண்டு மாசமா வலது பக்கம் கழுத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை, கை வழியா வலி இறங்குது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதன்னு இருக்குது. எம்.ஆர்.ஐ.யில சி5–சி6 ஜவ்வு பிதுங்கியிருக்குதுன்னு போட்டிருக்காங்க. கழுத்துப் பட்டை போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன். எங்க வீட்டுக்காரருக்கு 47 வயசு, விசைத்தறி ஓட்டறார். போன மாசம் தறியில பாவு நூல் சுத்தின பீமை மாட்டும்போது இடுப்புல சுருக்குன்னு புடிச்சு, இப்ப இடது கால் கெண்டைக்கால் வரைக்கும் வெட்டி இழுக்குது. மூணு வாரமாப் படுத்தே இருக்கார், எந்திரிச்சா பெல்ட். வழிச்சு உட்டா ஜவ்வு உள்ள போயிரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இழுவை வைக்கலாமா? என்ன பயிற்சி செய்யறது? அவர் எப்ப வேலைக்குப் போகலாம்? வர்ற மாரியம்மன் நோம்பிக்கு நான் தீர்த்தக்குடம் எடுக்கலாமுங்களா?

— பல்லடம் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதாமல் விட்ட சில விவரங்களைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? தெரியாமல் கசிகிறதா, இல்லை முக்கினாலும் வராமல் நிற்கிறதா? சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ, அந்த இடம் மரத்திருக்கிறதா? இரண்டு காலும் ஒருசேரத் தளர்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்றைக்கே, ராத்திரியானாலும், முதுகுத்தண்டு ஆபரேஷன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தண்டுவடத்தின் கீழ்முனையில் இருக்கும் நரம்புக் கொத்து மொத்தமாக அமுங்கினால் வரும் அறிகுறிகள் இவை. அங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவரை வெறுங்காலோடு குதிகாலில் பத்து அடி, நுனிக்காலில் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். குதிகாலில் நிற்கும்போது இடது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் கீழே விழுந்தாலோ, நுனிக்காலில் இடது பக்கம் எழும்ப முடியாமல் போனாலோ, அது வலியைவிடப் பெரிய சேதி. வலி எவ்வளவு இருந்தாலும் பலம் குறையாதவரை பயிற்சியோடு பொறுத்துப் பார்க்கலாம். பலம் குறைந்துவிட்டால் பொறுக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, ஓவர்லாக் ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலைகளில் இரண்டு கை விரல்களும் சொன்னபடி கேட்காமல் தடுமாறுகின்றனவா? நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா? இருந்தால் அமுங்குவது கைக்கு வரும் ஒற்றை நரம்பாக இருக்காது, தண்டுவடமே நெருக்கப்படலாம். அந்த நிலையில் எந்தக் கழுத்துப் பயிற்சியும் டாக்டர் பார்த்த பிறகுதான். இருவரில் யாருக்காவது சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அபூர்வமில்லை.

இனி ஜவ்வுக்கு வருகிறேன். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் ஒரு தப்பான படம் இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு ஏதோ செருகி வைத்த வில்லை மாதிரியும், அது நழுவி வெளியே வந்துவிட்ட மாதிரியும், வழித்தால் உள்ளே போய்விடும் மாதிரியும் நினைக்கிறார்கள். ஜவ்வு மேலும் கீழும் உள்ள எலும்போடு ஒட்டி வளர்ந்தது, அது நழுவாது. நடுவில் நுங்குபோல் கொழகொழப்பான ஒரு பகுதி. அதைச் சுற்றிப் பல அடுக்காக நார் வளையம். ஓர் அடுக்கின் நார் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார் எதிர்ப்பக்கம் சாயும். தறிக்காரரான உங்கள் வீட்டுக்காரருக்கு இது சட்டென்று புரியும்: பாவும் ஊடையும் குறுக்கே போனால்தானே துணிக்குப் பலம்? குனிந்து, திரும்பி, பாரத்தோடு இழுக்கும்போது ஒரு பக்கத்து நார்கள் மட்டும் இழுபட்டுத் தளர்கின்றன. அந்த இடத்தில் உள்ளிருப்பது பிதுங்குகிறது, பக்கத்து நரம்பு வீங்கிச் சிவக்கிறது. வலியில் அமுக்கத்துக்கு எவ்வளவு பங்கோ அந்த வீக்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வீக்கம் வாரக் கணக்கில் தணியும். பிதுங்கிய பகுதியையும் பெரும்பாலோருக்கு உடம்பே மாதக் கணக்கில் கரைத்துச் சுருக்கிவிடும். இந்த வேலையைக் கையால் தள்ளிச் செய்ய யாராலும் முடியாது.

ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கும், 40 வயதில் பாதிப் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கல் இருந்தது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 87.6 சதவீதம் பேருக்குப் பிதுங்கல் தெரிந்தது. ஆகவே ஸ்கேனில் இருப்பது மட்டும் நோய் ஆகிவிடாது, அது உடம்பில் தெரியும் அறிகுறியோடு ஒத்துப் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் ஒத்துப் போகிறது. கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே, அதாவது சி5–சி6 இடைவெளியில் புறப்படும் நரம்பு போய்ச் சேருவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான்.

ஆனாலும் ஓவர்லாக் ஓட்டுபவர்களுக்கு இதே விரல்கள் மரத்துப் போக இன்னொரு காரணமும் உண்டு: மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். மதமதப்பு அப்போது கூடினாலோ, ராத்திரி அதனால் விழித்துக் கையை உதறினால் குறைந்தாலோ, மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். வலது உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கைவலி குறைகிறதா? குறைந்தால் கழுத்து நரம்புதான் என்பதற்கு அது நல்ல அடையாளம். கூடவே, வலி அதிகமான நேரத்தில் இளைப்பாற அதுவே உங்கள் நிலை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. சர்க்கரை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவையும் விரலை மரக்க வைக்கும்.

ஒரு தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. நேராக இருக்கும்போது எலும்பு அதைத் தாங்குகிறது. கத்தியும் ஊசியும் தெரிய வேண்டும் என்று மோவாயை முன்னே நீட்டிக் குனிந்ததும், பிடரித் தசைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. நீங்கள் ஓவர்லாக்கில் உட்காரும் விதத்தை ஒரு நாள் கூட உட்காரும் பெண்ணிடம் சொல்லிப் பக்கவாட்டில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காது மடல் தோளுக்கு நேர் மேலே இருக்காது, நாலு விரல் முன்னால் போயிருக்கும். வலது தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். இடது கை தரையிலிருக்கும் துணிப் பண்டலை எடுக்கப் போகும்போது இடுப்பு முறுக்கிக்கொள்ளும். 14 வருசமாக, ஒன்றரை ஷிப்ட் நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் கழுத்து அங்கேயே நிற்கிறது. சாயங்காலம் பிசியோதெரபியில் கரண்ட் வைத்துக்கொண்டு வரும் இருபது நிமிடம் இதை எப்படி ஈடுகட்டும்? உங்கள் மருந்தில் பாதி மிஷினில்தான் இருக்கிறது.

மேஜைப் பரப்பு உங்கள் முழங்கை மட்டத்தில், அதிகம் போனால் 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோள் ஏறியே தீரும். மேஜை இறங்காது என்றால் உட்காரும் பெஞ்சை உயர்த்துங்கள். வேஸ்ட் துணியை மடித்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும், பலகையாகப் போட்டு மேலே மெல்லிய மெத்தை வையுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். வயிற்றுக்கும் மேஜை விளிம்புக்கும் நாலு விரல் இடைவெளி போதும், அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் முன்னால் சாய்வீர்கள். பெடலை ஊசிக்கு நேர் கீழே, காலை நீட்டாமல் எட்டும் இடத்துக்கு மெக்கானிக்கைக் கொண்டு இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பண்டலைத் தரையிலிருந்து எடுக்காமல், இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசியருகே எல்.இ.டி. விளக்கு எரியாமல் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வேறு எதைச் செய்தும் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கழுத்து போய்ப் பார்க்கும். நாற்பது தாண்டியதால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவையா என்றும் பார்த்துவிடுங்கள். பலருக்கு இது கழுத்துவலியாகவே வெளிப்படுகிறது.

இடையில் நிறுத்தினால் பீஸ் ரேட் போய்விடும் என்று நினைப்பீர்கள். பண்டலையே கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டல் முடிந்து அடுத்ததைப் பிரிக்கும் முன் இருபது நொடி. ஒரு நாளைக்கு 20 பண்டல் என்றால் மொத்தமே ஏழு நிமிடம் ஆகாது. அந்த இருபது நொடியில் செய்ய வேண்டியது ஒரே ஒரு அசைவு, ஆனால் அதைத்தான் பலரும் தப்பாகச் செய்கிறார்கள்.

இரு கைகளையும் தொடையில் வைத்து, பெஞ்சில் நிமிர்ந்து உட்காருங்கள். எதிரே கண் மட்டத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். பார்வை அந்தப் புள்ளியை விடாமல், மேஜை டிராயரை மூடுவதுபோல் மோவாயை நேர் பின்னால் கொண்டு போங்கள். கழுத்துக்குக் கீழே இரட்டை மோவாய் விழும், பிடரி மேல்நோக்கி நீளும். இரண்டு மூன்று நொடி நிறுத்தி, விட்டுவிடுங்கள். இதைப் போல் ஐந்தாறு முறை. தலை குனிந்தால் தப்பு, அண்ணாந்தால் தப்பு, பல்லைக் கடித்தால் தப்பு, மூச்சைப் பிடித்தால் தப்பு. முதல் இரண்டு மூன்று நாள் பிடரியில் இறுக்கமாக இருக்கும், அது பரவாயில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது கையை. விரலில் இருந்த மதமதப்பு முழங்கைக்கு, தோளுக்கு என்று மேலே ஏறிச் சுருங்கினால் வழி சரி. கழுத்தில் வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் பயப்படாதீர்கள். மாறாக விரலுக்கு இன்னும் இறங்கி, நிறுத்திய பின்னும் நின்றால் இந்த அசைவு இப்போது உங்களுக்கு ஆகவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் விட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். இந்த ‘மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா’ என்ற அளவுகோல் உங்கள் இருவருக்குமே பொது. நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் இதைக் கவனித்து முறைப்படுத்தினார். இன்றைக்கும் இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது.

வீட்டில், படுக்கும் முன், ஒரு துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து படுங்கள். தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்று மெல்லத் தலையாட்டுவது போல் மோவாயை லேசாக உள்ளே இழுத்து 5 முதல் 10 நொடி நிறுத்துங்கள், பத்து முறை. கழுத்தின் முன்பக்கம், காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் பெரிய தசை இரண்டு பக்கமும் உண்டு. அதன்மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அது கயிறு போல் புடைத்தால் பலத்தை அதிகம் போடுகிறீர்கள். உள்ளே இருக்கும் சின்னத் தசைகள்தான் வேலை செய்ய வேண்டும். அவை அடங்கியே வேலை செய்யும்.

தோள்பட்டைக்குப் பயிற்சி ரப்பர் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கம்பெனி வேஸ்ட்டில் ஒன்றரை மீட்டர் லைக்ரா துணிப் பட்டை கிடைக்கும். ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டி, இரு முனையையும் பிடித்து, முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னால் இழுங்கள். தோள் ஏறாமல், இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நடுமுதுகை நோக்கி நெருங்கட்டும். 12 முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கும்படி பட்டையை இறுக்கமாகப் பிடியுங்கள். அது சுலபமாகிவிட்டால் பட்டையை இரட்டையாக்குங்கள். முதல் இரண்டு வாரம் கைவலி கூடினால் இதைத் தள்ளிப் போடுங்கள், மோவாய்ப் பயிற்சி போதும்.

தலையணையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை அமுங்கி அப்பளமாகியிருக்கும். பக்கவாட்டில் படுத்தால் காதுக்கும் படுக்கைக்கும் நடுவே உங்கள் தோள் அகலத்துக்கு இடைவெளி வரும், அமுங்கிய பிறகும் தலையணை அதை நிரப்ப வேண்டும். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுப்பதும், குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருப்பி வைப்பதும் வேண்டாம்.

கழுத்துப் பட்டையைப் பொறுத்தவரை, கைவலி புதிதாக, கடுமையாக வந்த முதல் சில வாரத்துக்கு அது உதவும். இரண்டு மாதம் ஆகிவிட்ட உங்களுக்கு இனி அது கழுத்துத் தசையைச் சோம்பலாக்கும். மிஷினில் உட்காரும்போது இன்றே கழற்றுங்கள். பஸ் குலுக்கலுக்கு மட்டும் ஒரு வாரம் போட்டு, அதையும் விட்டுவிடுங்கள். உப்பு ஒத்தடமோ சுடுதண்ணிப் பையோ 15 நிமிடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும். மரத்துப் போன விரலில் மட்டும் வைக்காதீர்கள், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

வழித்து விடுவதைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதில் கெடுதல் இல்லை, சுகம்தான். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பது, சலூனில் தலையைப் பிடித்து நெட்டி முறிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். கைக்கு நரம்பு வலி இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரையும் உங்கள் கழுத்தைத் திருக விடாதீர்கள்.

இழுவை, அதாவது கழுத்தையோ இடுப்பையோ இழுத்து வைக்கும் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுத்து நரம்பு வலியில் சிலருக்கு இழுவை சில வாரம் இதம் தருகிறது, பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் தவறில்லை. இழுக்கும்போதே கைவலி குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் நான்காவது தடவைக்கு மேல் காசு கட்ட வேண்டாம். இடுப்புக்கு என் பதில் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இழுவையையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும் பயிற்சியையும் பரிந்துரைத்தது.

இனி உங்கள் வீட்டுக்காரர். மூன்று வாரம் படுத்தது அவருக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைகள் இளைக்கும், எழும் ஒவ்வொரு முறையும் பயமும் கூடும். பெல்ட்டை இந்த வாரம் பாதி நேரம், அடுத்த வாரம் கால்வாசி என்று குறைத்து விடச் சொல்லுங்கள். இன்றிலிருந்து விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை வாசலில் ஐந்து நிமிடம் நடக்கட்டும். ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதைவிட இது நல்லது.

பாயில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், கைகள் பக்கத்தில், முகம் ஒரு பக்கம் திரும்பி, இரண்டு மூன்று நிமிடம். வலி காலில் இன்னும் கீழே போகவில்லை என்றால் முழங்கை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பும் தொடையும் பாயை விட்டுக் கிளம்பாமல், கையின் பலத்தில் மட்டும் மேலுடம்பைத் தூக்கி இறக்க வேண்டும், பத்து முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். இங்கே நடக்கும் தப்பு, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு முதுகுப் பலத்தால் எழும்புவது. முதுகு தொங்கிக் கிடக்க வேண்டும், வேலை கைக்கு. கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறி, பிட்டத்துக்கு ஏறி, இடுப்பில் வந்து நின்றால் இது அவருக்கு ஏற்ற மருந்து. கால் வலி பாதத்துக்கு இறங்கினால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்து இரு கெண்டைக்காலையும் நாற்காலி மேல் போட்டுப் பத்து நிமிடம் இளைப்பாறட்டும். அறுபதைத் தாண்டி, நடந்தால் கால் கனத்து உட்கார்ந்தால் சரியாகிறவர்களுக்கு இந்தப் பின்வளைவுப் பயிற்சி ஆகாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் அவர் குனியக் கூடாது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்த ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் நாரில் இழுப்பு அதிகம். பல் தேய்க்கும்போது ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றட்டும். தரையில் சப்பணம் போட்டுச் சாப்பிடுவது, தாழ்ந்த கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்காருவது ஒரு மாதத்துக்கு வேண்டாம். குந்திப் போகும் கழிப்பறை என்றால் அதன்மேல் வைக்கும் நாற்காலி கடையில் கிடைக்கும்.

கால் வலி இடுப்பளவில் சுருங்கிய பிறகு, பலம் கூட்டும் பயிற்சி. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நேராக நீட்டி, இடுப்பு சாயாமல் பத்து நொடி. மாற்றி மாற்றிப் பக்கத்துக்கு 6 முறை, இளைப்பாறி 4 முறை, பிறகு 2 முறை. இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூடவே குனியக் கற்க வேண்டும். ஒரு நேரான கம்பை முதுகோடு சேர்த்துப் பிடிக்கட்டும். பின்தலை, மேல்முதுகு, பிட்டத்துக்கு நடுவே உள்ள எலும்பு என்று மூன்று இடத்தில் கம்பு தொட வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்துவதுபோல் பின்னுக்குப் போய்க் குனியட்டும். மூன்றில் ஒரு இடத்தில் கம்பு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது. தினமும் 20 முறை, இரண்டு வாரம். அறுந்த இழையை முடியத் தறியை நிறுத்தியதும், ஒரு காலை முன்வைத்து, இதே மடிப்பில் குனிந்து, ஒரு கையைத் தறிச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு இழையைத் தேடட்டும். நாளைக்கு எத்தனை தடவை இழை அறுகிறதோ அத்தனை தடவை பழைய குனிவு அவர் முதுகை இழுத்துக்கொண்டிருந்தது. பீம் தூக்கியது கடைசித் துளிதான்.

வலி முழுவதும் போன பிறகுதான் வேலை என்று காத்திருக்க வேண்டாம். பலம் சரியாக இருந்து, வலி முழங்காலுக்கு மேலே வந்து, அரை மணி நேரம் நிற்கவும் நடக்கவும் முடிந்தால் அரை ஷிப்டில் தொடங்கலாம். பத்துக்கு மூன்று நாலு அளவு வலி வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் பாரம் சரி. இறங்காவிட்டால் மறுநாள் கால்வாசி குறையுங்கள், அறவே நிறுத்தாதீர்கள். பாவு பீம் மட்டும் ஆறு வாரத்துக்குத் தொடக் கூடாது. பிறகும் தள்ளுவண்டியும் இரண்டாவது ஆளும் இல்லாமல் வேண்டாம். சிமெண்ட் தரையில் அவர் நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் மேட், ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு கட்டை. செலவு அவ்வளவுதான். வண்டியில் போகும்போது வேகத்தடைக்கு முன்னால் நன்றாக மெதுவாக்கி, கை கால் ஊன்றி உட்கார்ந்து ஏற்றச் சொல்லுங்கள்.

இருவருமே நேரில் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். நல்லவர் முதல் நாளே சுத்தியலால் தட்டி, கை கால் பலத்தையும் உணர்ச்சியையும் பார்ப்பார், வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சி கொடுப்பார், மறுமுறை அதைச் செய்து காட்டச் சொல்வார். கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஆறு வாரத்தில் ஆறு முதல் எட்டு முறை போனால் போதும். உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த வழியில் உங்கள் இருவருக்கும் செலவில்லாமல் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளியும் மாறவில்லை என்றாலோ, நடுவில் கையின் பிடி தளர்ந்தாலோ டாக்டரை மறுபடி பாருங்கள். வலி மாத்திரையை மாதக் கணக்கில் கடையில் வாங்கிப் போடாதீர்கள், வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும்.

கடைசியாக, தீர்த்தக்குடம். விரலில் மதமதப்பு இருக்கும்வரை தலையில் வைக்க வேண்டாம். தண்ணீர் நிறைந்த குடத்தின் எடை அப்படியே நெருங்கியிருக்கும் அந்த நரம்பு மேல் இறங்கும், கூட்டத்தில் நிமிர்ந்து நடக்கும் அவசரத்தில் கழுத்து இன்னும் இறுகும். நோம்பிக்கு ஒரு மாதம் முன்பே மதமதப்பு முழுக்க நின்று, இரண்டு கைப்பிடியும் ஒரே பலமாக இருந்தால், இரண்டு லிட்டர் கொள்ளும் சின்னச் செம்பில் எடுத்து, வீட்டு வாசலில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். மறுநாள் காலை கை சும்மா இருந்தால் அதே செம்போடு கோயிலுக்குப் போகலாம். இல்லையென்றால் இந்த வருசம் குடத்தை இடுப்பில் வைத்து, நாலு வீட்டுக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக்கொண்டு போங்கள். அதுவும் சிரமமாக இருந்தால் வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ள, நீங்கள் மாவிளக்குத் தட்டோடு கூட நடந்து போங்கள்.